வாரின் வரலாறும் வார் தெரியும் வகையும்



பெரும்பொருளைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் ஒரு சிறுபொருளே. தேரின் அச்சாணியைக் காட்டி வள்ளுவனார் இவ்வுண்மையை விளக்கியதை நாம் யாவரும் இளமையிலேயே கற்றிருக்கிறோம். கற்றிருந்தும், நம் காலடியிலேயே கிடக்கும் அத்தகைய சிறுபொருள் ஒன்றைப் பற்றி ஒருநாளேனும் எண்ணிப் பார்த்தோமில்லை. அஃது யாதெனின், தோல் வார். பூட்ஸைக் காலோடு பிணைப்பதும், மிருதங்கத்தின் இரு முகங்களையும் இழுத்து நிறுத்துவதும், கைப்பை, பணப்பை, புத்தக உறை முதலியவற்றின் விளிம்புகளைக் கோத்து மூடுவதும் அதுவே. அதன் சரித்திரத்தையும், அதனைத் தெரிந்தெடுக்கும் முறையையும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இதனை எழுத நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறுதல் முறையாகும். சென்ற தை மாதத்திலே நம் இல்லத்துப் பழைய மரப்பெட்டி ஒன்றைத் திறந்து ஒழுங்குபடுத்தினோம். அதில் நம் பாட்டனாரின் கடைக் கணக்குப் புத்தகம் ஒன்றும், அவருடைய தம்பியார் இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பியபோது அணிந்து வந்த பூட்ஸ் ஜோடி ஒன்றும் இருந்தன. புத்தகத்தைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அதன் தோலுறை செம்பொடியாக உதிர்ந்து நம் வேட்டியெல்லாம் கறைபட்டது. அதனைச் சுற்றிக் கட்டியிருந்த வாரோ, தொட்ட இடத்தில் அற்றது. பூட்ஸின் நாடாவும் தோலால் ஆனதே. அதனை இழுத்தோம், முடிந்தோம், அவிழ்த்தோம். அது சற்றும் சளைக்கவில்லை.

"இரண்டும் தோல்தானே, தாத்தா! ஒன்று ஏன் மண்ணாயிற்று? மற்றொன்று ஏன் கயிறுபோல் நிற்கிறது?" என்று நம் பேரன் கேட்டான். அவன் பள்ளிக் கைவேலைக்காகத் தோற்பை ஒன்று செய்யத் தொடங்கியிருந்தான். அதற்கு வார் வாங்கவேண்டிய தருணம் அது. அவன் கேள்விக்கு உடனே விடை கூற நமக்கு இயலவில்லை. பின்னர் நூல்களைப் படித்தும், தோல் வேலையிலே கைதேர்ந்த முதியவர் ஒருவரை அணுகிக் கேட்டும் அறிந்துகொண்டவற்றையே இங்கே தொகுத்துரைக்கிறோம்.

வாரின் தொன்மை

மனிதன் ஊசியும் ஆணியும் காண்பதற்கு நெடுங்காலம் முன்னரே வாரைக் கண்டிருத்தல் வேண்டும் என்று எண்ண இடமுண்டு. ஆயினும் தோல் மண்ணில் மட்கிப் போகும் பொருளாகலின், மிகப் பழைய வார்கள் நம் கைக்குக் கிட்டுதல் அரிது. கிட்டியவற்றுள் இரண்டை மட்டும் கூறுவோம்.

1991-ஆம் ஆண்டு, ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடரில், இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையிலுள்ள எல்லையருகே, பனிக்கட்டியில் உறைந்து கிடந்த மனித உடல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அம்மனிதன் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்தவன். அவனிடமிருந்த செப்புக் கோடரியின் அலகு, மரக்காம்பிலே ஒருவகை மரப்பிசினால் ஒட்டப்பெற்று, அதன்மேல் மெல்லிய தோல் வாரினால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. அவன் பாதரட்சையும் தோலும் புல்லும் மரநாரும் கொண்டு ஆக்கப்பட்டதே.

அதனினும் சற்று மூத்தது ஆர்மீனியா தேசத்துப் பாதரட்சை. அரேனி என்னும் ஊரை அடுத்த குகை ஒன்றில் 2008-ஆம் ஆண்டு அது கண்டெடுக்கப்பட்டது. குகையின் குளிர்ச்சியும் வறட்சியும், அதன்மேல் படிந்திருந்த ஆட்டுப்புழுக்கையும் அதனை ஏறத்தாழ 5,500 ஆண்டுக்காலம் காத்துவந்தன. ஒரே மாட்டுத்தோல் துண்டைக் காலின் வடிவத்திற்கு மடித்து, துளைகளிட்டு, அத்துளைகளின் வழியே தோல் வாரைக் கோத்து இறுக்கியிருக்கின்றனர். இன்று நாம் பூட்ஸைக் கோத்துக் கட்டும் முறைக்கும் அதற்கும் பெரிய வேற்றுமை யாதுமில்லை. மனிதன் தன் உணவையும் உடையையும் வீட்டையும் பன்முறை மாற்றிக்கொண்டான். காலைக் கட்டிய முடிச்சை மட்டும் அவன் மாற்றவில்லை!

இனி, கதையாக வழங்குவது ஒன்று. வட ஆப்பிரிக்கக் கடற்கரையிலே கார்த்தேஜ் நகரை நிறுவியவளாகச் சொல்லப்படும் தீதோ என்னும் அரசி, அந்நாட்டாரிடம் ஓர் எருத்துத்தோல் சூழுமளவு நிலம் வேண்டுமென்று கேட்டாளாம். அவர்கள் நகைத்து இசைந்தனர். அவள் அத்தோலை மெல்லிய வாராக அறுத்து ஒரு குன்றையே வளைத்துக்கொண்டாள் என்பர். இது கதையேயாயினும், வாரறுக்கும் தொழிலாளரின் கணக்கு இதனுள் அடங்கியிருக்கிறது. ஓரடி விட்டமுள்ள வட்டத் தோலை, வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுருள்சுருளாக, அரைக்கால் அங்குல அகலத்தில் அறுத்துச் செல்வோமாயின், கணக்கின்படி ஏறத்தாழ 75 அடி நீளமுள்ள ஒரே வார் கிடைக்கும். நடுவிலே அறுக்க முடியாத சிறு பகுதி மட்டும் கழிவாகும். நீண்ட வாருக்கு நீண்ட தோல் வேண்டுமென்பதில்லை என்னும் இந்நுட்பத்தை இன்றும் தோல் வேலை செய்வோர் கையாளுகின்றனர். வளைவாக அறுத்த வார் வளைந்தே நிற்குமாதலால், அதனை நனைத்து, இழுத்துக் கட்டி, நிமிர்த்தி உலர்த்துவர்.

தமிழகத்திலே

நம் மொழியிலே வாருக்கு வழங்கும் சொற்களே அதன் பழமைக்குச் சான்றாகும். வார் என்பதும் வள்பு என்பதும் பழந்தமிழ்ச் சொற்கள். இழுத்து இறுகக் கட்டுதலை விசித்தல் என்றனர். இம்மூன்று சொற்களும் ஒருங்கே அமைந்திருப்பது புறநானூற்றின் 50-ஆம் பாட்டிலே. அப்பாட்டின் வரலாறு நேயர்கள் அறிந்ததே. மோசிகீரனார் என்னும் புலவர் வழிநடைக் களைப்பினால், சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசுகட்டிலில் அறியாது ஏறித் துயின்றார். முரசு நீராட்டிற்குச் சென்றிருந்த வேளை அது. அக்கட்டிலில் ஏறியவரை வெட்டி வீழ்த்துதல் அக்கால வழக்கு. அரசனோ வாளை விடுத்து விசிறியை எடுத்தான். இவ்வருஞ்செயலைப் பாடவந்த புலவர், அரசன் புகழையன்று, முரசை இறுக்கிக் கட்டிய வாரைச் சொல்லியே பாட்டைத் தொடங்குகிறார். அரசின் அடையாளம் முரசு. முரசின் உயிர் வார்.

முரசு போயிற்றாயினும் மிருதங்கம் நம்மிடையே இருக்கிறது. அதன் இரு முகங்களின் விளிம்பிலும் தோலால் பின்னிய மூட்டு உண்டு. ஒவ்வொரு மூட்டிலும் 16 கண்கள். ஒருபுறக் கண்ணிலிருந்து மறுபுறக் கண்ணுக்கு மாறிமாறி ஓடி, மரத்தை முழுதும் போர்த்தி நிற்பது எருமைத்தோல் வார். வித்துவான் சிறு கல்லால் மூட்டைத் தட்டிச் சுருதி சேர்க்கிறாரே, அந்தச் சுருதி நிற்பது இவ்வாரின் இறுக்கத்தினாலன்றோ? ஓரிடத்தில் வார் இளகினால் கச்சேரியே இளகும். இக்காலத்தில் நைலான் பட்டையும், திருகாணியும் கொண்டு இறுக்கும் மிருதங்கங்களும் வந்துவிட்டன. ஆயினும் எருமை வாரைப் போற்றுவோர் இன்றும் பலர்.

நம் வயல்களிலும் வாருக்கும் தோலுக்கும் வேலை இருந்தது. மின்சாரப் பம்புகள் பரவுதற்கு முன்னர், கிணற்றிலிருந்து நீரிறைத்த கவலைச் சாலின் அடியில், துதிக்கைபோல் ஒரு தோற்குழாய் தொங்கிக்கொண்டிருக்கும். நாளெல்லாம் நனைந்தும், காய்ந்தும், கல்லில் உராய்ந்தும் அது வெகு விரைவில் அழுகிவிடும். இத்துன்பமே நம் மாகாணத்துத் தோல் தொழிலில் ஒரு மாறுதலுக்குக் காரணமாயிற்று. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நால்வகைத் தோல்

தோல் என்பது நுண்ணிய நார்கள் பின்னிப் பிணைந்த ஒரு பாய் போன்றது. மாட்டையும் ஆட்டையும் உரித்த தோலை அப்படியே விட்டால் அழுகும். உலர்த்தினால் கட்டைபோல் விறைக்கும். இவ்விரண்டையும் தடுத்து, நார்களைப் பிரித்து, நெகிழ்வு கெடாமல் நிறுத்துவதே பதனிடுதலாம். பதனிடும் வகையினால் வாரும் நான்கு வகைப்படும்.

முதலாவது, பதனிடாத பச்சைத் தோல் வார். மயிரும் சதையும் நீக்கி உலர்த்தியது இது. நனைத்துக் கட்டி உலரவிட்டால், தானே சுருங்கி இரும்புப் பூண்போல் இறுகும். பண்டை எகிப்தியர் கோடரி முதலிய கருவிகளின் அலகைக் காம்போடு இவ்வாறு பிணைத்தனர். வட அமெரிக்கப் பழங்குடியினர் பனிமேல் நடக்கும் மிதியடிச் சட்டங்களில் இவ்வாரால் வலை பின்னினர். ஆனால் மீண்டும் நனைந்தால் இளகும், காய்ந்தால் விறைக்கும். ஆதலின் மடக்கி முடியவேண்டிய பூட்ஸுக்கு இஃது ஆகாது.

இரண்டாவது, படிகார வார். படிகாரமும் உப்பும் கொண்டு வெளுப்பாக ஆக்கப்படுவது. ஐரோப்பாவிலே இடைக்காலத்துத் துறவிகள் எழுதிய புத்தகங்களின் தாள்களை, இவ்வகை வார்களின்மேல் தைத்து, அவ்வார்களை மரப்பலகைகளில் துளையிட்டுக் கோத்தனர். பல நூற்றாண்டுகள் கழிந்தும் அவற்றுட் பல இன்றும் நெகிழ்வோடு இருக்கின்றன. ஆயினும் நீர் பட்டால் படிகாரம் கரைந்தோடும்; தோல் மீண்டும் பச்சைத் தோலின் தன்மையை அடையும். உலர்ந்த இடத்தில் சிரஞ்சீவி, மழையில் அற்பாயுள்!

மூன்றாவது, பட்டை வார். மரப்பட்டை, காய் முதலியவற்றின் துவர்ப்புச் சத்தினால் பதனிடுவது. நம் நாட்டில் இதற்கு உதவியது ஆவாரம்பட்டை. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலை ஆவாரம்பட்டைச் சாற்றிலே பல நாள் ஊறவைத்து, இறுதியிற் கடுக்காய் நீரில் இட்டு எடுப்பர். வெளிறிய மஞ்சள் நிறத்தோடு கூடிய இத்தோல், 19-ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குக் கப்பல் கப்பலாக ஏற்றப்பட்டது. ஆங்கிலத் தொழிலாளர் அதற்குக் கொழுப்பேற்றிப் பூட்ஸின் மேல்தோலாக ஆக்கினர். முதல் உலக யுத்தத்தின்போது, 1916-ஆம் ஆண்டு முதல், சிப்பாய்களின் பூட்ஸுக்காக அரசாங்கமே இத்தோலின் வியாபாரத்தைத் தன் கட்டுப்பாட்டிற்குக் கொண்டுவந்தது. பிரெஞ்சு மண்ணின் சேற்றுக் குழிகளில் நின்ற சிப்பாய்கள் பலருடைய கால்களை நம் புன்செய்க் காட்டு ஆவாரஞ்செடி காத்தது என்று கூறினால் அது மிகையன்று. பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை, ஆவாரம்பட்டையின் இடத்தைப் பெரிதும் கவர்ந்துகொண்டது.

நான்காவது, குரோம் வார். குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பினால் தோலைப் பதனிடலாம் என்பதை ஜெர்மானிய ரசாயன அறிஞர் பிரீட்ரிக் கினாப் 1858-ஆம் ஆண்டிலேயே எழுதினார். அதனைத் தொழிலுக்கு ஏற்றதாக்கி, 1884-ஆம் ஆண்டு அமெரிக்காவில் உரிமை பெற்றவர் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ். மாதர் அணிந்த இறுக்குக் கச்சையின் எஃகுச் சலாகைகளைப் படிகாரத் தோல் துருப்பிடிக்கச் செய்தமையால், துருப்பிடிக்கச் செய்யாத தோல் வேண்டுமென்று ஒருவர் கேட்டதே அவர் முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று என்பர். பல வாரங்களில் நிகழ்ந்த வேலை சில நாட்களில் முடியலாயிற்று. அத்தோல் நீருக்கும் வெப்பத்திற்கும் அஞ்சுவதில்லை.

இப்புதுமுறையைச் சென்னை மாகாணத்திற்குக் கொணர்ந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். 1903-ஆம் ஆண்டளவில், எழும்பூரிலிருந்த கலைப் பள்ளியில் அவர் பரிசோதனையைத் தொடங்கினார். முன்னர்க் கூறிய கவலைச் சாலின் தோல் விரைவில் அழுகிப்போவதே அவர் கருத்தைக் கவர்ந்தது. குரோம் தோலால் ஆக்கிய சால்கள் நீரை நெடுநாள் தாங்கின. செருப்பும் பூட்ஸும் தொடர்ந்து செய்யப்பட்டன. இந்நாட்டுத் தோல் தொழிலைப் பற்றி அவர் எழுதிய நூல் 1904-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆனால் அரசாங்கமே தொழில் நடத்துதல் தகாதென்று 1910-ஆம் ஆண்டு லண்டனிலிருந்து இந்தியா மந்திரி மார்லி பிரபு எழுதினார். பல்லாவரத்தையடுத்துத் தனியார் நடத்திய குரோம் தோல் தொழிற்சாலை ஒன்றினாலேயே குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் ஏற்பட்டது. அன்றாடம் மின்சார ரயிலில் அவ்வூரைக் கடப்பவர்களுள் எத்துணைப் பேர் அப்பெயரில் ஒரு தோற் சரித்திரம் ஒளிந்திருப்பதை அறிவர்? 1948-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது.

குரோமுக்கு ஒரு விலையும் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோற்சாலைக் கழிவு நீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. அது குறித்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கெடுத்தவரே அக்கேட்டிற்குப் பொறுப்பு என்று வற்புறுத்தியது. நல்ல வார் வேண்டுவோர் நல்ல நீரையும் வேண்டுதல் கடன்.

பேரன் கேள்விக்கு விடை

இப்பொழுது நம் பெட்டியிலிருந்த புத்தகத்திற்கும் பூட்ஸுக்கும் வருவோம்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் நூல்நிலையங்களில் தோலட்டைகள் செம்பொடியாக உதிரத் தொடங்கின. காரணத்தை ஆராய 1900-ஆம் ஆண்டு லண்டன் கலைக் கழகத்தார் ஒரு குழுவை அமைத்தனர். குழுவினர் கண்ட முடிவு நமக்குச் சற்று வருத்தமளிப்பதாகும். துவர்ப்புச் சத்து இரண்டு இனம். ஓரினம் ஒளியும், விளக்குப் புகையின் அமிலமும் படப்படச் சிவந்து தோலை அரிக்கும். மற்றோரினம் அவற்றைத் தாங்கும். இந்தியாவிலிருந்து வந்த பட்டைத் தோல் முதலினத்தைச் சேர்ந்தது. அது புத்தகக் கட்டுக்கு ஆகாதென்று விலக்கப்பட்டது. ஆவாரம்பட்டையின் குற்றம் அது. கடுக்காயின் சத்தோ இரண்டாம் இனம்.

ஆகவே பட்டாளத்துக் காலுக்கு உகந்த அதே தோல், அலமாரியிலிருந்த ஏட்டுக்கு உதவவில்லை. பூட்ஸின் தோலுக்குக் கொழுப்பேற்றினர். அணிந்தவரும் வாரந்தோறும் எண்ணெயிட்டுப் பேணினார். நம் சின்னப் பாட்டனார் ஞாயிறு தவறாமல் அவ்வேலையைச் செய்துவந்ததை நம் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கணக்குப் புத்தகமோ எண்ணெய் விளக்கின் புகை படிந்த கடையிலே, வெயில் விழும் மாடத்திலே, ஒருவர் பேணுதலுமின்றி ஐம்பது ஆண்டு கிடந்தது. தோலில் நல்லது கெட்டது என்பதொன்றில்லை. இன்ன வேலைக்கு இன்னது என்பதே உண்டு. செருப்புக்கு ஏற்பக் காலைத் தறிக்கலாமா என்பது பழமொழி. வாருக்கு ஏற்ப வேலையை வளைப்பதும் அத்தகையதே.

வார் தெரியும் வகை

நாம் அணுகிய முதியவர், ஐம்பது ஆண்டுக்கு மேலாகத் தோல் வேலை செய்துவருபவர். "பெரியவரே, நல்ல வார் எது?" என்று கேட்டோம். அவர் முறுவலித்து, "ஐயா, கடையிலே தோலைக் கேட்காதீர்கள், வேலையைச் சொல்லுங்கள். வேலை தெரிந்தால் தோல் தானே வந்து நிற்கும்" என்றார். அவர் கூறியவற்றையும் நூல்களிற் கண்டவற்றையும் ஒழுங்குபடுத்தித் தருகிறோம்.

முதற்கண், விலங்கின் எந்தப் பகுதித் தோல் என்று கேட்க. முதுகும் பின்பகுதியும் சேர்ந்த இடத்து நார்கள் நெருக்கமானவை. அவ்விடத்து வார் நீளாது. வயிற்றுப் பகுதியின் நார்கள் தளர்ந்தவை. அவ்வார் இன்று இறுகக் கட்டினால் நாளை தொங்கும். இதனை அறிய, ஒரு முழ வாரை இரு கையாலும் இழுத்துப் பார்க்க. ஓரிடத்தில் மெலிந்து மற்றோரிடத்தில் தடித்து நீளுமாயின் விலக்குக. சற்றே நீண்டு ஒருசீராக நிற்குமாயின் கொள்க.

அடுத்து, மடித்துப் பார்க்க. முகப்பு வெளியில் வரும்படி மடித்தால் வெடிப்புக் காணலாகாது. முகப்பையே சீவி நீக்கிவிட்டு, அடித்தோலை மட்டும் சாயமேற்றி விற்பதும் உண்டு; அது பார்வைக்கு அழகாயிருக்கும், பளுவுக்கு நில்லாது. மெலிந்தும் வலிமை குன்றாததற்குப் பெயர்பெற்றது ஆஸ்திரேலியாவின் கங்காரு தோல். அதன் நார்கள் பெரும்பாலும் தோலின் பரப்புக்கு இணையாகவே படிந்து கிடப்பதே காரணம். நுண்ணிய பின்னல் வேலைக்கு அது மிக உகந்தது. விலையும் அதற்கேற்ப மிகுதி.

மூன்றாவதாக, பதம் எத்தகையது என்று காண்க. அறுத்த விளிம்பிலே நீலச் சாம்பல் நிறம் தோன்றினால் பெரும்பாலும் குரோம். பழுப்பு நிறமாயின் பட்டை. சாயம் ஊறி ஐயம் உண்டானால், நகத்தளவு துண்டைக் கொதிநீரில் சில நிமிஷம் இடுக. பட்டைத் தோல் சுருண்டு சுருங்கும்; நன்கு பதனிட்ட குரோம் தோல் அவ்வாறே கிடக்கும். தோற்சாலைகளில் வழங்கும் சோதனை இதுவே. மேலும், பச்சைத் தோல் நாடா என்ற பெயரால் பூட்ஸுக்கு விற்கப்படுபவற்றுட் பெரும்பாலானவை உண்மையில் எண்ணெயேற்றிப் பதனிட்ட தோலே. பெயரைக் கண்டு மயங்கற்க. கையால் தொட்டு அறிக.

பூட்ஸுக்கு வேண்டுவது குரோம் தோல், அல்லது கொழுப்பும் எண்ணெயும் நன்கு ஏற்றிய தோல். அகலமும் கனமும் அரைக்கால் அங்குலமாகச் சதுரமாய் அறுத்த நாடா உறுதியானது. கணுக்காலுக்கு மேல் ஏறும், எட்டு ஜோடிக் கண்களுள்ள பூட்ஸுக்கு ஏறத்தாழ 72 அங்குல நீளம் வேண்டும். புதுநாடா முதற் சில நாட்களில் சிறிது நீளும். அதனை முன்னரே இழுத்துவிட்டுக் கோத்தல் நலம். கண்களின் வளையம் பித்தளையாயிருத்தல் வேண்டும். இரும்பாயின், துருவும் துவர்ப்பும் கூடிக் கறுத்து, பட்டை வார் அவ்விடத்திலேயே இற்றுவிடும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே வினையினாலன்றோ? ஏட்டுக்கு மையானது வாருக்கு நஞ்சாயிற்று.

கைவேலைக்கு ஆட்டுத்தோல், கன்றுத்தோல் வார்கள் ஏற்றவை. அளவு தெரியாமல் வாங்கிப் பாதி வேலையில் வார் தீர்ந்து வருந்துவோர் பலர். விளிம்பைச் சுற்றிச் சாதாரணமாகக் கோத்துச் செல்ல, விளிம்பின் நீளத்தைப்போல் மூன்றரை மடங்கு வார் வேண்டும். இரட்டை முடிச்சிட்டு நெருக்கமாகப் பின்னுவதாயின் எட்டு மடங்கு வரை ஆகும். ஒரே துணுக்காக நீண்ட வாரைக் கோத்தால், துளைதோறும் உராய்ந்து தேயும். மூன்று நான்கு முழமாக எடுத்து, முனைகளைச் சீவி ஒட்டிக்கொண்டு போவதே முறை. புத்தகம் கட்டுவோர் படிகார வாரையோ, கடுக்காய் போன்ற இரண்டாம் இனத் துவர்ப்பினால் பதனிட்ட வாரையோ கேட்டு வாங்குக.

இறுதியாக, பேணுதல். நனைந்த வாரை அடுப்பருகே காயவைத்தல் பெரும் பிழை, நிழலிற் காயவிடுக. காய்ந்தபின் சிறிது ஆமணக்கெண்ணெயைத் துணியில் தோய்த்துத் தடவுக. மிகுதியாகத் தடவினால் வார் நீண்டு தளரும். அளவோடு பெய்யும் மழையே பயிருக்கு நன்று.

ஒரு கடன்

இவ்வளவும் கேட்டறிந்து நாம் எழுந்தபோது, அப்பெரியவர் நம் கையிலிருந்த பழைய கணக்குப் புத்தகத்தின் துண்டு வாரைத் தடவிப் பார்த்து, "அறுத்த கை நல்ல கை, ஐயா. அகலம் எங்கும் ஒன்றாயிருக்கிறது. குற்றம் பட்டையுடையது, அறுத்தவனுடையதன்று" என்றார். அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது.

நேயர்காள்! நம் இல்லத்தார் ஆண்டுதோறும் சரஸ்வதி பூஜையன்று அக்கணக்குப் புத்தகத்திற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மலர் சூட்டி, கைகூப்பி வணங்கினர். அதற்குத் தோலுறையும் வாரும் ஆக்கித் தந்த கையையோ, திண்ணையிலும் ஏறவிடவில்லை. முரசுக்குப் பாட்டு உண்டு. முரசு கட்டியவனுக்கு இல்லை. மிருதங்க வித்துவான்களின் பெயர்களை நாம் ஒப்பிப்போம்; அவர்களுக்கு வார் இழுத்துச் சுருதி கூட்டிக் கொடுத்த குடும்பத்தார் பெயர்களை நம்மிற் பலர் கேட்டதுமில்லை. அத்தொழிலாளரின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா ஆங்கிலத்தில் நூலாக எழுதியது 2020-ஆம் ஆண்டிலேதான். தீண்டாமை ஒழிக்கப்பட்டதென்று 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் அதன் 17-ஆவது பிரிவில் கூறிவிட்டது. சட்டம் தன் கடமையைச் செய்தது. நம் திண்ணைகள் செய்தனவா என்பதை அவரவர் நெஞ்சைக் கேட்டுத் தெளிதல் வேண்டும். பிறர் குற்றத்தைக் கூற நாம் இதனை எழுதவில்லை. நம் வீட்டுக் குற்றத்தையே எழுதினோம்.

ஆதலின் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு நாம் செய்யும் விண்ணப்பம் இதுவே. உங்கள் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் ஏதேனும் ஒரு கைவேலையைப் பழக்குங்கள். தோல் வேலையென்று முகஞ்சுளியாதீர்கள். பொருள் வாங்கப் போகும்போது அவர்களையும் உடன் அழைத்துச் சென்று, விலையை மட்டுமன்றி, தோலையும் பதத்தையும் அறுத்த கையையும் கேட்டறியச் செய்யுங்கள். கேட்குங்கால் மரியாதையோடு கேட்கச் செய்யுங்கள். தொழிலாளியை மதியாதவன் பொருளின் குணத்தை ஒருநாளும் அறியான். அறியாமையின் விலையை அவனே கொடுப்பான்.

நம் பேரன் தன் தோற்பையை முடித்துவிட்டான். விளிம்பு முழுவதும் ஆட்டுத்தோல் வாரால் கோத்திருக்கிறான். அப்பெரியவர் நம் அழைப்பிற்கிணங்கி இல்லம் வந்து, நம்மோடு கூடத்தில் அமர்ந்து, காப்பி அருந்தியவாறே அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரிடத்தில் முடிச்சு தளர்ந்திருக்கிறது என்று காட்டினார். பையன் உடனே அவிழ்த்து மறுபடி கோத்தான்.